இரண்டு பக்கமும் எழுதுவோம்



சென்ற மாதம் நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒரு சகோதரி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, நன்றி சொல்லுங்கோ எண்டு எல்லாரும் சொல்லுறீங்கள். எனக்குக் கடவுளோட கோபமா இருக்கு. பொய்யா எப்பிடி நன்றி சொல்லுறது?" என்று கேட்டார். கணவருக்கு வேலை போய்விட்டது. வீசா முடிய இன்னும் சில கிழமைகள்தான். போர்க்காலத்தில் காணாமற்போன தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அன்றைக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இன்றைய பேச்சு அந்தச் சகோதரிக்காக.

நான் ஒரு கணக்காளன். வர்த்தகப் படிப்பில் முதலில் சொல்லித் தருவது, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் இரண்டு பதிவு உண்டு என்பதுதான். நட்டத்தை மறைத்து இலாபத்தை மட்டும் காட்டுகிற ஐந்தொகை பொய்க் கணக்கு. இலாபத்தை மறைத்து நட்டத்தை மட்டும் காட்டினாலும் அதுவும் பொய்க் கணக்குத்தான்.

இதைப் படிப்பதற்கு முன்பே எங்கள் அம்மாவிடம் கண்டிருக்கிறேன். 1990இல் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து மடுவில் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். அங்கேதான் ஐயாவை இழந்தோம். இரவு செபமாலை முடிந்ததும், இறந்தவர்களின் பெயரையும் பிரிந்தவர்களின் பெயரையும் அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லுவார். ஐயாவின் பெயர் வரும்போது அழுவார். அதற்குப் பிறகுதான் நன்றி. "இண்டைக்குத் தண்ணி கிடைச்சது. பக்கத்துக் கொட்டில்காரர் அரிசி தந்தவை. சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டிட்டுது." அவ்வளவுதான். ஐயா செத்ததற்காக அம்மா ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

மடு மாதாவே அகதிகளோடு வந்தவர்தான். கத்தோலிக்கரை ஒல்லாந்தர் ஒடுக்கிய காலத்தில், சுமார் 1670இல், மாந்தையிலிருந்த சொரூபத்தைச் சுமந்துகொண்டு இருபது குடும்பங்கள் காட்டுக்குள் வந்தன என்று வழிவழியாகச் சொல்லுவார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது அதே சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டு போனார்கள். ஆகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது. 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே வந்து செபித்தபோது, உறவுகளை இழந்த தமிழரும் சிங்களவரும் ஒரே முற்றத்தில் நின்றார்கள்.

ஆனால் 1999 நவம்பரில் அந்தக் கோவிலில் தஞ்சமிருந்தவர்கள் மேல் எறிகணை விழுந்து சுமார் 40 பேர் மாண்டதையும் மறக்கக் கூடாது. விசுவாசித்தால் துன்பம் வராது என்பது கிறிஸ்தவ நம்பிக்கை அல்ல. உயிர்த்தெழுந்த இயேசு தோமையாருக்குக் காட்டியது ஆணி பாய்ந்த கைகளை. உயிர்ப்புக்குப் பிறகும் காயம் இருந்தது. காயத்துக்குப் பிறகும் உயிர் இருந்தது. இரண்டும் ஒரே உடலில்.

இங்கே வளைகுடாவில் 2020ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாதத்தில் கோவில்கள் மூடப்பட்டன. ஷேக் ராஷித் வழங்கிய காணியில் 1967இல் எழும்பிய டுபாய் புனித மரியாள் ஆலயத்தில், அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் நிற்க இடம் கிடைத்ததில்லை. அந்த வளவே வெறிச்சோடிக் கிடந்தது. எனக்குச் சம்பளம் பாதியானது. நெருங்கிய நண்பர் ஒருவர் தொற்றால் இறந்தார். முகம் பார்க்கவும் முடியவில்லை. அப்போதுதான் அம்மாவின் வழக்கத்தை மீண்டும் தொடங்கினேன். ஒரு கொப்பியை எடுத்து நடுவில் கோடு கீறினேன். இடப்பக்கத்தில் நண்பரின் பெயர், குறைந்த சம்பளம், கட்டாத வாடகை. வலப்பக்கத்தில், மூன்று மாதம் கடனுக்குச் சாமான் தந்த மலையாளிக் கடைக்காரர். நள்ளிரவில் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மேல்மாடிப் பாகிஸ்தானிச் சாரதி. இரண்டு பக்கமும் சமப்படவில்லை, நேயர்களே. இன்றும் சமப்படவில்லை. ஆனால் வலப்பக்கம் வெறுமையாக இல்லை என்பதைக் கண்ணால் கண்டேன். அடுத்த நாள் எழும்ப அது போதுமாக இருந்தது.

பவுலடியார் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் மடலில், எந்த நிலையில் இருந்தாலும் நன்றி சொல்லச் சொல்கிறார். வந்த துன்பத்துக்கே நன்றி சொல்லு என்று அங்கே சொல்லவில்லை. பிலிப்பியருக்கு மகிழ்ச்சியைப் பற்றி எழுதியபோது அவர் சிறையில் இருந்தார். விலங்கையும் மறைக்கவில்லை, மகிழ்ச்சியையும் மறைக்கவில்லை.

ஆகவே சகோதரி, உங்கள் கோபத்தையும் எழுதுங்கள். சங்கீதங்களில் பல கடவுளிடம் முறையிட்டவர்களின் குரல்தானே! தம்பியின் பெயரை முதலாவதாக எழுதுங்கள். அதை ஒருநாளும் வெட்ட வேண்டாம். பிறகு வலப்பக்கத்தில், இன்று உண்மையாகக் கிடைத்த ஒன்றே ஒன்றை எழுதுங்கள்.

மற்ற நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டடத்திலும் வேலை இழந்த ஒரு குடும்பம் இருக்கும். இந்தக் கிழமை அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர்களுடைய வலப்பக்கத்தில் எழுதப்படுகிற ஒரு வரியாக நாங்கள் இருப்போம்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.