நம் வீட்டுக்கு யார் காவல்?

(கருமத்தம்பட்டிக் கூட்டத்தில் பேசியது)

இன்று நாம் பேச வந்தது மோட்ச நரகங்களைப் பற்றியல்ல. இராத்திரி கதவைத் தாழிட்டுப் படுத்தால் விடிந்து உயிரோடு எழுந்திருப்போமா என்கின்ற சங்கதியைப் பற்றியேயாகும். இது வீண் பயமென்று சொல்லிவிட முடியாது. 2024 நவம்பரில் பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டிலிருந்த தாய், தகப்பன், மகன் மூவரும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். 2025-ல் ஈரோட்டுச் சிவகிரிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனித்திருந்த வயோதிகத் தம்பதிகள் கொலையுண்டார்கள். அது வெளியே தெரிந்தது சில நாள் கழித்து, மே மாதத் துவக்கத்தில்தான். அத்தனை நாளும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இம்மாதிரிச் சேதி கேட்டவுடன் நம்மில் பலர் செய்வது என்ன? மந்திரித்த கயிறு கட்டுவது, வாசலில் பூசணிக்காய் தொங்கவிடுவது, கருப்பராயனுக்குக் கிடாய் நேர்ந்து கொள்வது. சரி, சாமிகளின் யோக்கியதையைப் பார்ப்போம். அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2006-ல் திருட்டுப்போய், கடல் கடந்து, ஆஸ்திரேலியக் கலைக்கூடத்திற்கு விலையானார். 2014-ல் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது எந்தப் பூஜை? புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்திலிருந்த பழைய போட்டோவும், போலீசும், சர்க்காருந்தான். சிலைத் திருட்டைப் பிடிக்கவென்றே 1983-ல் தனிப் போலீஸ் பிரிவு ஏற்பட்டது. கோயிலானாலும் மாதா கோயிலானாலும் உண்டியலைப் பூட்டாமல் விடுவாருண்டா? தனக்கே போலீஸ் காவல் வேண்டியவர் உங்கள் சாளைக்குக் காவலிருப்பார் என்று நம்புவது எவ்வளவு பேதமை!

தோழர்களே! போலீசு எவ்வளவு விரைந்தாலும் வர நேரம் பிடிக்கும். முதலில் ஓடிவரக் கூடியவன் பக்கத்துத் தோட்டக்காரன், பண்ணையத்து ஆள், விசைத்தறியில் இராத்திரி ஷிப்டு பார்க்கிறவன். ஆனால் அவனை நாம் எங்கே நிறுத்தியிருக்கிறோம்? தனிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் திண்ணைக்குக் கீழே நிறுத்தியவர்கள், கூச்சல் போட்டால் மட்டும் அவன் ஓடிவர வேண்டுமென்று கேட்க என்ன பாத்தியதை உண்டு? அன்றியும், களவு போனால் முதற்சந்தேகம் அவன் மேலும், வடக்கேயிருந்து பிழைக்க வந்தவன் மேலுந்தானே விழுகிறது? ஜாதி என்பது திருடனுக்கு நாமே கட்டிக் கொடுத்த மறைவிடமாகும்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். அவர்கள் கழுத்தில் பவுன் பவுனாக மாட்டி நடமாடும் இரும்புப் பெட்டியாக்கி விட்டு, "வெளியே போகாதே" என்கிறோம். பெட்டிக்குப் பூட்டாவது உண்டு. பெண்ணுக்கு என்ன கற்றுக் கொடுத்தோம்? நகையைப் பாங்கியில் வையுங்கள். பெண்ணுக்குச் சிலம்பமும், வண்டி ஓட்டவும், பிடித்த கையை உதறிவிட்டுக் கூவி ஓடவும் பழக்குங்கள்.

தற்காப்பு குற்றமல்ல. 2024 ஜூலை 1 முதல் அமுலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள், தன் உயிரையும் பிறர் உயிரையும் சொத்தையும் காத்துக்கொள்ள உரிமை கொடுக்கின்றன. ஆனால் காப்பதற்கு வேண்டியதற்கு மேல் தீங்கு செய்ய உரிமையில்லை. அகப்பட்டவனைக் கம்பத்தில் கட்டி அடிப்பது தற்காப்பல்ல, அதுவும் குற்றந்தான்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை இவை. சாளையைச் சுற்றி விளக்குப் போடுங்கள். கதவுக்கு உட்புறம் கனமான தாழ் வையுங்கள். இராத்திரி யார் கூப்பிட்டாலும் ஆளைப் பார்க்காமல் திறக்காதீர்கள். அடுத்த தோட்டத்திற்குக் கேட்கும்படி ஒரு மணி கட்டுங்கள். பத்து வீட்டார் சேர்ந்து, தனித்திருக்கும் வயோதிகர்களைக் காலையும் மாலையும் போனில் விசாரியுங்கள். பதிலில்லையேல் உடனே போய்ப் பாருங்கள். ஆபத்தில் 112-ஐக் கூப்பிடக் குழந்தைக்கும் சொல்லிக் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் ஒரு கிடாயின் விலைகூட ஆகாது. அந்தப் பத்து வீட்டுக் கணக்கில் எந்த ஜாதியாரையும் விட்டுவிடாதீர்கள். இன்று வீடு திரும்பியதும், இதுவரை பெயர் கேட்டறியாத அண்டை மனிதனின் பெயரையும் போன் நம்பரையும் கேட்டு எழுதி வையுங்கள். அவன்தான் உங்கள் காவல். நீங்கள்தான் அவனுக்குக் காவல்.