வரி தேடி வருகிறது, உதவியை நாம் தேடிப் போகிறோம்

(நமது அறக்கட்டளையின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சென்ற ரமளானில் ஜகாத் பட்டியலைப் புதுப்பிக்க உட்கார்ந்தபோது ஒரு பெயரில் வந்து நின்றுவிட்டோம். கணவரை இழந்த சகோதரி ஒருவர். மூன்று வருடமாக மாதம் 1,000 ரூபாய் கொடுத்து வருகிறோம். "இவங்களுக்கு அரசாங்கத்தோட விதவை உதவித்தொகை வருதா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட நாங்கள் அதைக் கேட்டதில்லை.

வீட்டுக்குப் போய்க் கேட்டோம். அவர் விண்ணப்பிக்கவே இல்லை. "உங்ககிட்ட வாங்குறதே மனசுக்குக் கஷ்டமா இருக்கு. கவர்மெண்டுலயும் போய் இனாமா கேக்கணுமா?" என்றார். மாதம் 1,200 ரூபாய். தகுதி இருந்தும் வாங்காமலே போன பணம்.

அந்த 'இனாம்' என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறோம்.

அந்தச் சகோதரி தம்மை வரி கட்டுபவராக நினைத்ததே இல்லை. வருமான வரி அவருக்குக் கிடையாதுதான். ஆனால் அவர் வாங்கிய குளியல் சோப்புக்கு 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம் ஜிஎஸ்டி, இப்போது 5. செல்போன் ரீசார்ஜுக்கு இன்றும் 18. கடைக்கு வரும் காய்கறி லாரியின் டீசலிலும் வரி உண்டு, அதுவும் கடைசியில் அவர் பையிலிருந்துதான் போகிறது. ஐந்து கடை வைத்திருப்பவரும் அதே சோப்புக்கு அதே வரிதான் கட்டுகிறார். ஆனால் வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் பாரம் யாருக்கு அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

ஜகாத் இப்படி இல்லை என்பதைக் கவனியுங்கள். நிஸாப் என்று ஒரு கோடு இருக்கிறது. அதற்குக் கீழே இருப்பவரிடம் ஒரு பைசா வாங்க முடியாது. கோட்டுக்கு மேலே, ஒரு வருடம் தங்கிய செல்வத்தில் இரண்டரை சதவீதம். செலவழிப்பதற்கு அல்ல, சேர்ந்திருப்பதற்குத்தான் கடமை. நம் நாட்டிலும் சேர்ந்த சொத்துக்கு வரிகள் இருந்தன. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீதான வரி 1985-இலும், செல்வ வரி 2015 பட்ஜெட்டிலும் எடுக்கப்பட்டன. வசூல் குறைவு, தொல்லை அதிகம் என்று அரசு காரணம் சொன்னது. அதில் உண்மை இருக்கலாம். சோப்பு மீதான வரி மட்டும் தொல்லையில்லாமல் வசூலாகிவிடுகிறது.

உலக நாடுகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். ஏற்றத்தாழ்வை அளக்க கினிக் குறியீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் சம வருமானம் என்றால் 0, எல்லாம் ஒருவருக்கே என்றால் 1. சம்பளம், லாபம், வாடகை ஆகியவற்றை மட்டும் எடுத்து, அரசு கை வைப்பதற்கு முன் அளந்தால், அயர்லாந்தின் ஏற்றத்தாழ்வு அமெரிக்காவுக்குச் சளைத்ததல்ல. வரி பிடித்து, உதவிகள் கொடுத்து முடித்த பிறகு அளந்தால் அயர்லாந்து 0.30-ஐ ஒட்டி வந்துவிடுகிறது, அமெரிக்கா 0.39-ஐ ஒட்டி நிற்கிறது. அயர்லாந்து மக்களுக்குத் தனித் திறமை எதுவும் இல்லை. யாரிடம் எவ்வளவு எடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று அங்கே எடுத்த முடிவுதான் வேறு. அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 140 யூரோ உண்டு. இரண்டாவது குழந்தை பிறந்தால் பிறப்பைப் பதிவு செய்தாலே போதும், பணம் தானாக வரத் தொடங்கிவிடும்.

அது பணக்கார நாடு என்பீர்கள். சரி, பிரேசிலைப் பார்ப்போம்.

உலகிலேயே ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளில் ஒன்று அது. 2003-இல் அதிபர் லூலா, சிதறிக் கிடந்த சில உதவித் திட்டங்களைச் சேர்த்து 'போல்சா ஃபமீலியா' என்று ஒன்றாக்கினார். ஏழைக் குடும்பத்துக்கு மாதந்தோறும் சிறு தொகை. பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், கர்ப்பிணி பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பவை நிபந்தனைகள். பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட அட்டைகள் பெண்கள் பெயரில். பத்து வருடத்தில் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் குடும்பங்களை எட்டியது. செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் அரை சதவீதம் அளவுதான். 2001-இல் 0.58-ஐ ஒட்டி இருந்த கினிக் குறியீடு 2014-இல் 0.52-க்கு இறங்கியது. இத்திட்டம் மட்டுமே காரணமல்ல. குறைந்தபட்சக் கூலி உயர்ந்ததற்கும், அதோடு முதியோர் ஓய்வூதியம் சேர்ந்து உயர்ந்ததற்கும் பெரும் பங்கு உண்டு.

நம் மனதில் பதிந்தது 2011-இல் அவர்கள் செய்த காரியம். பட்டியலில் ஏழைகளிலும் ஏழைகள் விடுபட்டிருந்தார்கள். அவர்களிடம் தாள் இல்லை, விவரம் தெரியாது, அலுவலகம் தூரம். எனவே விண்ணப்பம் வரட்டும் என்று காத்திருக்காமல் ஊழியர்களே தேடிப் போக வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அமேசான் ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்குப் படகில்கூடப் போனார்கள்.

ஆனால் அதே பிரேசில் மறு கையால் பிடுங்கவும் செய்தது. வரியில் பெரும்பகுதி பொருள்கள் மீது. கம்பெனிப் பங்குதாரர்களுக்குக் கிடைத்த லாபப் பங்குக்கோ 1996 முதல் ஏறத்தாழ 30 வருடம் வருமான வரியே இல்லை. குறியீடு 0.52-க்குக் கீழே அதிகம் இறங்காமல் நின்றதில் இதற்கும் பங்கு உண்டு என்பது எங்கள் கருத்து.

நம்மில் வியாபாரிகள் பலர் இருக்கிறீர்கள். ஒன்று சொன்னால் கோபப்பட வேண்டாம். ஜகாத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டுக் கொடுக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வாடிக்கையாளரிடம் வாங்கிய ஜிஎஸ்டியைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் அது யாருடைய பணம்? சோப்பு வாங்கிய அந்தச் சகோதரியின் பணம்.

"நமக்கு ஜகாத் இருக்கிறதே, அரசாங்க வாசலில் ஏன் நிற்க வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். மஹல்லாவில் எத்தனை வீடுகள், நம் நிதி எவ்வளவு என்று வரவு செலவு அறிக்கையைப் பார்த்தாலே தெரியும். அவர்கள் கொடுத்த வரி ஏற்கனவே போய்விட்டது. அதிலிருந்து திரும்பி வர வேண்டியதைக் கேட்பது இனாம் ஆகாது.

எனவே வரும் ஞாயிற்றுக்கிழமை முதல், அஸர் தொழுகைக்குப் பிறகு, மதரஸா முன்னறையில் நம் கல்லூரி மாணவர்கள் கணினியோடு உட்கார்ந்திருப்பார்கள். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் கொண்டு வாருங்கள். கணவரை இழந்தவர்கள் இறப்புச் சான்றிதழும் கொண்டு வாருங்கள். நம் வீடுகளில் பெரும் சிக்கல் பெயர்தான். ஆதாரில் ஃபாத்திமா பீவி, குடும்ப அட்டையில் பாத்திமுத்து. முதலில் அதைச் சரிசெய்வோம். வர முடியாதவர்களின் வீட்டுக்கு நாங்களே வருகிறோம். பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு நம் மகளிர் குழுவினர் வருவார்கள்.

அந்தச் சகோதரியின் விண்ணப்பம் இப்போது தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. பணம் வரத் தொடங்கியதும் நாம் கொடுக்கும் 1,000 ரூபாயை நிறுத்துவதா, தொடர்வதா என்று எங்களுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை. நிறுத்தச் சொன்னவர் அவரேதான். காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயர் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு தையல்காரருடையது.