ஆபரேஷனுக்குப் பிறகு யார் துணை?

எடை குறைக்க இப்போது பரவலாகச் செய்யப்படும் ஓர் அறுவைச் சிகிச்சையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். டாக்டர் வேலை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்சப் பாடெல்லாம் வீட்டில்தான்.

மதுரையில் ஆபரேஷன் முடிந்து போடிநாயக்கனூருக்கு ரயிலேறும் ஒருவரை நினைத்துப் பாருங்கள், நேயர்களே. சோற்றோடு தண்ணீர் கூடாது. அரை மணி இடைவெளி வேண்டும். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போகிறவரானால், பாட்டிலைக் கையோடு வைத்து வாய் வாயாகக் குடிக்க வேண்டும். சர்க்கரை தூக்கலான டீ சிலருக்குப் படபடப்பையும் வியர்வையையும் கொண்டுவரும். கல்யாணப் பந்தியில் நாலு கவளத்தோடு எழுந்தாலோ, "சாப்பாட்டில் என்ன குறை?" என்று சம்பந்தி வீடே திரண்டுவிடும்! இதைச் சமாளிக்கும் வித்தை மருந்துச் சீட்டில் இருக்காது. ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவருக்குத்தான் தெரியும்.

ஆபரேஷன் இல்லாமல் எடையோடு போராடியவர்களும் இப்படி ஒருவருக்கொருவர் துணையானதுண்டு. நியூயார்க்கில் ஜீன் நிடெட்ச் என்ற இல்லத்தரசி, சுமார் 97 கிலோ. உணவுப் பட்டியல் கையில் இருந்தும் ஒளித்துவைத்து பிஸ்கட் தின்றார். 1961-ல் ஆறு தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு அதைப் போட்டு உடைத்தார். அவர்களும் தங்கள் திருட்டுத் தீனியைச் சொன்னார்கள். 1963-ல் அதுவே 'வெயிட் வாட்சர்ஸ்' நிறுவனமானது.

அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களையும் இப்படிக் கூட்டிப் பேசவைக்கும் மருத்துவமனைகள் உண்டு. இரும்புச்சத்து, பி12 மாத்திரைகளைப் பல ஆண்டுகள் விடாமல் சாப்பிட வேண்டியிருப்பதால், "நிறுத்திட்டீங்களா?" என்று உரிமையோடு கேட்க அங்கே ஆள் இருக்கும்.