பதிவேடு முதலில்: கருத்தரங்கத் தலைமை உரை

மூத்தவர்கள் பலர் எதிரில் அமர்ந்திருக்க, கோலார் தங்கவயலின் ஊரிகத்தில் தலைமையேற்பது பெருமை, கொஞ்சம் நடுக்கமும்தான்.

காணாமற்போனோர், அடையாளம் தெரியாதோர் பற்றிய மாநிலச் சட்டங்கள் நம் பொருள். காணாமற்போனோரைத் தேடுவது பற்றிய 2002-இன் ஹோரிலால் தீர்ப்பு, குழந்தைகளுக்கான 2013-இன் பச்பன் பச்சாவோ தீர்ப்பு, ஏழாண்டு தகவலற்றவரை இறந்தவராகக் கொள்ளும் சாட்சியச் சட்ட விதி ஆகியவற்றை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அமர்வுகளில் அவை விரிவாக வரும்.

எனக்கு ஒரு பழைய வழக்கு பாக்கியிருக்கிறது. 2019-இன் மரபணுத் தொழில்நுட்ப மசோதா 2023-இல் திரும்பப் பெறப்பட்டபோது, உடல்களை அடையாளம் காண இனி வழியே இல்லை என்று நண்பர்கள் சிலர் எழுதினார்கள். புகார்களையும் உடல்களையும் ஒப்பிடும் பதிவேட்டை முதலில் வற்புறுத்திய என்னை ஆவணப் பித்தன் என்றார்கள். பட்டத்தை நன்றியோடு ஏற்கிறேன், வாதத்தை ஏற்கவில்லை.

காரணம் இதோ: மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயில் தங்கவயலின் உழைப்பாளிகளைத் தினமும் பெங்களூருக்குக் கொண்டுபோகிறது. அப்படிப் போனவர் திரும்பாவிட்டால் புகார் இங்கே பதிவாகும். பங்காரப்பேட்டையிலிருந்து அதே தண்டவாளத்தில் தெற்கே போனால் குப்பம் ஆந்திரம், ஜோலார்பேட்டை தமிழ்நாடு. உடல் அங்கே கிடைத்தால் வழக்கு வேறு மாநிலக் காவலரிடம் போகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு மரண விசாரணையை விதிக்கிறது; காணாமற்போனோர் புகார்களோடு உடலை ஒப்பிடும் கடமையை விதிக்கவில்லை. மறுதிசையில், அங்கே காணாமற்போனவரின் உடல் இங்கே கிடைத்து, உரிமை கோரப்படாவிட்டால், அதை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க 1957-இன் கர்நாடக உடற்கூறியல் சட்டம் இடம் தருகிறது. புகார் ஓரிடம், உடல் ஓரிடம். இரண்டும் சந்திக்காதபோது எந்த ஆய்வகம் என்ன செய்யும்?

நம் துறை கண்டுகொள்ளாத சான்று ஒன்று இதே மண்ணில் உண்டு. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆளை அடையாளம் காணும் ஏடு ஆளை அடக்கும் ஏடாகும் என்ற அவர்கள் அச்சம் நியாயமானது. பதிவேட்டை ஆதரிக்கும் நானே அதை முதலில் சொல்ல வேண்டும். மரபணுச் சோதனையே வழி என்னும் அணியினரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தில்லிச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காவலும் இடுகாடும் மாநிலப் பட்டியலில்தான் உள்ளன. அமெரிக்காவிலும் டெக்சாஸ் போன்ற மாநிலங்கள், காணாமற்போனோரைத் தேசியத் தரவுத்தளத்தில் பதிவதைத் தாமே சட்டமாக்கின.

நான் கேட்பவை மூன்று. ஒவ்வொரு புகாரையும் ஒவ்வொரு அடையாளமற்ற உடலையும் அண்டை மாநிலங்களோடு ஒப்பிடுவது கட்டாயமாக வேண்டும். ஒப்பிட்டதற்கான சான்றில்லாமல் உடலைப் புதைக்கவோ, எரிக்கவோ, கல்லூரிக்குக் கொடுக்கவோ கூடாது. குடும்பத்தார் தரும் ரேகையும் மரபணுவும் வேறெதற்கும் பயன்படக் கூடாது.

நிறைவு அமர்வில் இவற்றைத் தீர்மானமாக்கி, கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மூன்று அரசுகளுக்கும் அனுப்பிவைக்குமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன். மறுப்போர் இன்றே, இந்த மேடையிலேயே மறுக்கட்டும்.