இஞ்சிப் பிஸ்கோத்து
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் அறிஞர் பெருமக்கள் பேசி அமர்ந்த மேடை இது. அவர்களுக்குப் பின் எழுந்து, வீட்டில் இஞ்சிப் பிஸ்கோத்துச் சுடுவது பற்றிப் பேசப் போகிறேன் என்றால், ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதுகின்றவனுக்கு அடுப்படியில் என்ன வேலை என்று தாய்மார்கள் நகைக்கக்கூடும். நகைப்பது நன்று. ஆயினும், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாவைப் பிசைவது இந்தக் கைகளேயாம். பிசைந்த கைக்குப் பேசவும் சிறிது உரிமை உண்டன்றோ?

முதற்கண் பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் ‘ஜிஞ்சர்’ என்கின்றனர். அச்சொல் இலத்தீனத்திலிருந்து வந்தது. இலத்தீனத்திற்குக் கிரேக்கத்திலிருந்து சென்றது. கிரேக்கத்திற்குப் பாலி, பிராகிருதம் போன்ற வட மொழிகளின் வழியே சென்றது. அம்மொழிகளில் வழங்கிய ‘சிங்கிவேர’ என்னும் சொல்லின் மூலம் நம் ‘இஞ்சி வேர்’ என்பதே என மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். மேற்குக் கரையில் கப்பலேறிய சரக்கு, தன் பெயரையும் உடன் கொண்டு சென்றது. செடிநூலார் நோக்கில் இஞ்சி வேரன்று. மண்ணுக்குள் கிடக்கும் தண்டு. எனினும் நம் முன்னோர் வேர் என்றனர். உலகமும் அவ்வாறே ஏற்றுக்கொண்டது.

இதைக் கேட்டவுடன் நம் நெஞ்சு நிமிர்கின்றது. நிமிரட்டும். ஆனால் வீட்டிற்குச் சென்று, நம் குழந்தையிடம் ஒரு துண்டு சுக்கைக் காட்டி, “இது என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். கிரேக்கம் வரை சென்ற சொல், நம் காலனியின் மூன்றாம் வீட்டைச் சென்றடையவில்லை என்பது தெரியவரும். நான் இன்று பேச விழைவது அந்த இடைவெளியைப் பற்றியே.

இனிப் பிஸ்கோத்து. ‘இருமுறை வெந்தது’ என்பது அச்சொல்லின் இலத்தீனப் பொருள். கப்பற் பயணத்தில் கெடாதிருக்க, ஒருமுறை சுட்டதை மீண்டும் உலர்த்திச் சுட்டனர். நம் நாட்டில் அக்கலை மேலைக் கடற்கரையில் விரைந்து வேரூன்றிற்று. தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர் 1880-ல் பிஸ்கோத்துத் தொழிற்சாலை நிறுவினார். 1883-ல் தோட்ட முதலாளி மர்டாக் பிரவுன் என்பாருக்காகக் கிறிஸ்துமஸ் கேக்கும் செய்து தந்தார்.

நம் பெங்களூருக்கு வருவோம். இந்நகரில் ‘ஐயங்கார் பேக்கரி’ என்ற பலகை இல்லாத பேட்டை உண்டா? ஹாசன் பகுதியிலிருந்து வந்த திருமலாச்சார் என்பவர் 1898-ல் சிக்பேட்டையில் இனிப்புக் கடை தொடங்கினார் என்றும், அங்கு வாடிக்கையாக வந்த ஆங்கிலேயர் ஒருவரிடம் ரொட்டி சுடக் கற்றார் என்றும் கூறுவர். ஹாசன் ஐயங்கார்கள் பல தலைமுறைகளாகக் கன்னட மண்ணில் வாழ்பவர்கள். இல்லத்தில் கன்னடம் கலந்த ஒரு தமிழைப் பேசுபவர்கள். அவர்கள் மைதாவையும் வெண்ணெயையும் பிசைந்து, அதனுடன் இஞ்சி, பச்சைமிளகாய், சீரகம், கறிவேப்பிலை, கொத்துமல்லி சேர்த்துச் சுட்டனர். அதுவே ‘காரா பிஸ்கட்’. தொழில் ஆங்கிலேயருடையது, பெயர் கன்னட நாட்டுக் கடைவீதியுடையது, தாளிப்பு நம் வீட்டு மோர்க்குழம்பின் உறவு. இன்று அது யாருடையது என்று எவரும் வழக்காடுவதில்லை. பெங்களூருடையது என்று அனைவரும் உண்கின்றனர்.

இனி, வீட்டில் செய்யும் முறையைக் கூறுகின்றேன். தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம், தந்தையர் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும்.

கோதுமை மாவு 125 கிராம், மைதா 125 கிராம், வெண்ணெய் 125 கிராம், பொடித்த வெல்லம் 125 கிராம். சுக்குப்பொடி 2 தேக்கரண்டி. இலவங்கப்பட்டைப் பொடி அரைத் தேக்கரண்டி. கிராம்பு 4, ஏலக்காய் 4, இவற்றையும் பொடித்துக்கொள்க. மிளகுப்பொடி ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி. பிசைவதற்குப் பால் இரண்டு மூன்று கரண்டி.

பச்சை இஞ்சி ஆகாதா என்று கேட்பீர்கள். பச்சை இஞ்சியின் பெரும்பகுதி நீர்; அது மாவைத் தளர்த்தி மொறுமொறுப்பைக் கெடுக்கும். பாலைத் திரியச் செய்யும் பொருளும் அதில் உண்டு. மேலும், இஞ்சியின் காரப்பொருளை விஞ்ஞானிகள் ‘ஜிஞ்சரால்’ என்பர். உலரும்போது அதில் ஒரு பகுதி ‘ஷோகால்’ என்னும் பொருளாக மாறுகின்றது. அது முன்னையதினும் உறைப்புடையது. சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்ற நம் பழமொழிக்கு இதுவும் ஒரு துணை.

மாவு, பொடிகள், சோடா, உப்பு ஆகியவற்றை ஒன்றாகச் சலித்துக்கொள்க. வெண்ணெயை உருக்கலாகாது, இளகிய வெண்ணெயில் வெல்லத்தைக் குழைத்து, மாவைச் சேர்த்து, பாலைத் தெளித்துத் திரட்டுக. சப்பாத்திக்குப் போல் அழுத்திப் பிசைந்தால் பிஸ்கோத்து இறுகிப்போகும். அரைமணி நேரம் குளிர்ந்த இடத்தில் வைத்து, நெல்லிக்காயளவு உருட்டி, கால் அங்குலக் கனத்திற்குத் தட்டி, இடைவெளி விட்டு அடுக்குக. ஓவன் உள்ளவர்கள் 170 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் 12 முதல் 15 நிமிடம் சுடலாம். இல்லாதவர்கள் கவலற்க. அடிகனத்த பாத்திரத்தில் மணலோ கல்லுப்போ பரப்பி, அதன்மேல் ஒரு முக்காலி வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றி, பின் தட்டை உள்ளே வைத்து, சிறுதீயில் 20 முதல் 25 நிமிடம் விடுக. எடுத்தவுடன் மெத்தென்றுதான் இருக்கும், ஆறியபின்னரே மொறுமொறுக்கும். ஆறும் வரை பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவதே இதில் கடினமான பகுதி.

இம்முறையை எனக்குக் கற்பித்தவர், எங்கள் வரிசையில் குடியிருந்த ஆங்கிலோ இந்திய மூதாட்டி ஒருவர். நம் அச்சுமுறுக்கை அவர்கள் ‘ரோஸ் குக்கீ’ என்பர். டிசம்பரில் அவர் வீட்டுத் தட்டு நம் வீட்டுக்கு வரும். தீபாவளியன்று நம் வீட்டுத் தட்டு அவர் வீட்டுக்குச் செல்லும். எந்தத் தட்டும் வெறுந்தட்டாகத் திரும்பியதில்லை.

அத்தட்டின் அருமையை 1991 டிசம்பரில் உணர்ந்தேன். காவிரியின் பேரால் இந்நகரில் கலவரம் மூண்டபோது நான் பள்ளிச் சிறுவன். எங்கள் குடும்பத்தை இரண்டு இரவுகள் தம் உள்ளறையில் வைத்துக் காத்தவர்கள், எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பத்தார். அந்த அன்பு அந்த இரண்டு இரவுகளில் முளைத்ததன்று. அதற்கு முன் பல ஆண்டுகள் இரு வீட்டுக்கும் இடையே தட்டுகள் நடந்திருந்தன. அல்சூர் ஏரிக்கரையில் பல்லாண்டுகள் மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னையில் கன்னடக் கவி சர்வஞ்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. அரசுகள் சிலைகளால் செய்ததை, நம் இல்லங்கள் தட்டுகளால் நெடுங்காலமாகச் செய்து வருகின்றன. அப்பணி நின்றுவிடலாகாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை அடுப்படிக்கு அழையுங்கள். அளக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். பட்டை, கிராம்பு, ஏலம், சுக்கு, சிட்டிகை, கரண்டி என்ற சொற்கள் மூக்கின் வழியாகவும் நாவின் வழியாகவும் உள்ளே செல்லட்டும். அவ்வாறு சென்ற சொல் மறப்பதில்லை. செய்முறையைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பள்ளியில் தமிழ் எழுத்தைக் காணாத குழந்தையும், பிஸ்கோத்து வேண்டுமாயின் அதைக் கூட்டிப் படித்தே ஆகவேண்டும். கன்னடத்தில் பச்சை இஞ்சி ‘ஹசி சுண்டி’. சுக்கு ‘ஒண சுண்டி’. அவற்றையும் பக்கத்தில் எழுதுங்கள். சுட்டவற்றில் பாதியை எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கொண்டு செல்வது குழந்தையாக இருக்கட்டும்; இரு மொழியிலும் பெயர் சொல்லிக் கொடுக்கட்டும்.

மொழியை வளர்க்க மாநாடுகள் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மாநாடு ஆண்டுக்கு ஒருமுறை. அடுப்போ நாள்தோறும் எரிகின்றது.

வாழ்க தமிழ்! வாழ்க நம்மை வாழவைக்கும் கன்னட நாடு!