கோசியின் இரு கரைகளுக்கிடையே

வெள்ளம் என்றவுடன் நமது மனக்கண்முன் தோன்றுவது நீர்தான். கூரைமேல் அமர்ந்திருக்கும் குடும்பம், கழுத்தளவு நீரில் நிற்கும் மாடு, படகில் வந்திறங்கும் அரிசி மூட்டை ஆகியவற்றை ஆண்டுதோறும் பத்திரிகைப் படங்களில் காண்கிறோம். நீர் வடிந்ததும் படம் எடுத்தவர் ஊர் திரும்பிவிடுகிறார். வட பீகாரில் கோசி நதியை அண்டி வாழும் குடியானவனுக்கோ பெரிய கஷ்டம் அதன் பின்னரே தொடங்குகிறது. அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

நேபாள மலைகளில் சுன்கோசி, அருண், தமோர் என்னும் மூன்று ஆறுகள் கூடி, சத்ரா என்னுமிடத்தில் சமவெளியில் இறங்குகின்றன. மலைச்சரிவில் பாய்ந்து வரும் வெள்ளம் மணலை வாரிக்கொண்டு வருகிறது. சமவெளியில் வேகம் தணிந்ததும் அந்தச் சுமையை இறக்கிவிடுகிறது. மணல் மேடாகிறது. ஆறு மேட்டை விட்டுப் பள்ளம் தேடி நகர்கிறது. இவ்வாறு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில், பூர்ணியாப் பக்கம் ஓடிய ஆறு நூறு கிலோமீட்டருக்கும் மேலாக மேற்கே பெயர்ந்துவிட்டது. 'பீகாரின் துயரம்' என்று அதற்குப் பெயர் வந்ததில் வியப்பில்லை.

1954-ஆம் ஆண்டு இந்தியாவும் நேபாளமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1955-இல் ஆற்றின் இருபுறமும் மண்கரை எழுப்பும் வேலை தொடங்கிற்று. கரைக்கு வெளியே இருந்த பெருநிலப்பரப்புக்கு அதனால் நன்மை விளைந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இரு கரைகளுக்கும் நடுவே முந்நூறுக்கு மேற்பட்ட ஊர்கள் சிக்கிக்கொண்டன. அவ்வூர் மக்களுக்குக் கரைக்கு வெளியே வீட்டு மனை கொடுக்க ஏற்பாடாயிற்று, வயல் கொடுக்கவில்லை. வீடு ஓரிடம், விளைநிலம் ஆற்றுக்குள் என்றால் உழவன் என்ன செய்வான்? பலர் உள்ளேயே திரும்பிச் சென்றனர்.

வெள்ளம் வண்டலைத் தந்து நிலத்தை வளமாக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கோசி சில ஆண்டு வண்டலும் தரும். சில ஆண்டு வெறும் மணலைக் கொட்டிச் செல்லும். முழங்காலளவு மணல் மூடிய வயலில் நெல்லும் இல்லை, கோதுமையும் இல்லை. காசப் புல்தான் முளைக்கும். அந்தப் புல்லை அறுத்துக் கூரை வேயலாம், உண்ண முடியாது. முன்பு அகன்று பரந்த மணல் இப்போது கரைகளுக்கு நடுவிலேயே தங்குவதால் ஆற்றுப்படுகை உயர்ந்துகொண்டே வருகிறது.

கரையும் என்றும் நிற்பதில்லை. 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் நேபாளத்தில் குசஹா என்னுமிடத்தில் அது உடைந்தது. விநாடிக்கு 9,50,000 கன அடி நீரைத் தாங்குமென்று வகுக்கப்பட்ட கரை, அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட வராத நாளில் உடைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆறு தன் பழைய கிழக்குத் தடத்தில் பாய்ந்தது. ஒரு தலைமுறைக்கு மேலாக வெள்ளத்தை மறந்திருந்த சுபோல், மதேபுரா, அரரியா மாவட்டங்களில் முப்பது லட்சம் பேர் வரை அல்லற்பட்டனர். 2024 செப்டம்பரிலும் அணையிலிருந்து விநாடிக்கு 6,61,000 கன அடி நீர் திறக்கப்பட்டுச் சில இடங்களில் கரைகள் உடைந்தன.

மணல் மூடிய நிலத்தைச் சீர்செய்யச் சிறு உழவருக்கு அரசின் உதவித் தொகை உண்டு. ஆனால் இப்பகுதியில் உழுபவர் பலர் 'பட்டாயி' என்னும் வாரமுறையில் பிறர் நிலத்தைப் பயிரிடுபவர்கள். பெரும்பாலும் வாய்ப்பேச்சே அவர்களது ஒப்பந்தம். வெள்ள அறிக்கைகளைப் பல்லாண்டுகளாகத் தமிழாக்கி வரும் நமக்குப் 'பட்டாய்தார்' என்பதை 'வாரக்குடி' என்று எழுதுவதில் சிரமம் ஏதும் இல்லை. அவன் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாததுதான் சிரமம். விதையும் உழைப்பும் அவனுடையவை. உதவித் தொகையைக் கேட்க ஆதாரமோ அவனிடம் இல்லை.

ஆகவே ஆண்மக்கள் சஹர்சாவில் ரயிலேறி, நாற்று நடவுக்கும் அறுவடைக்கும் பஞ்சாபுக்குப் போகிறார்கள். இங்கே வெள்ளம் வரும் மாதங்களில் அவர்கள் ஊரில் இருப்பதில்லை. மாட்டையும் தானியப் பானையையும் குழந்தைகளையும் கரைமேல் ஏற்றும் பொறுப்பு பெண்களுடையது.

கோடையில் நதி ஒடுங்கியதும் சிலர் மணல் திட்டில் தர்ப்பூசணியும் வெள்ளரியும் போடுகிறார்கள். வண்டல் கிடைத்தவர்கள் பாசிப்பயறு விதைக்கிறார்கள். பயறு முற்ற அறுபது நாளுக்குச் சற்று மேலாகும். ஜூனில் மலையில் மழை பிடித்துக்கொள்ளும். விதைப்பு ஒரு வாரம் தள்ளிப்போனாலும் அந்த விளைச்சல் வீட்டுக்கு வருமா என்பது ஐயமே.