எட்டுக் கோல் வாங்கிய பெண்கள்

(விளாங்குடியில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி தொடங்குவது பற்றி ஞாயிறு மாலை நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாம் கூலி உயர்வைப் பற்றியோ பஞ்சப்படியைப் பற்றியோ பேசப் போவதில்லை. கால்பந்தைப் பற்றிப் பேசப் போகிறோம். அதிலும் நம் நாட்டின் இளம் பெண்கள் ஆடும் கால்பந்தைப் பற்றி. "இதற்கு ஒரு கூட்டமா, இதற்கு ஒரு மைக்கா?" என்று சிலர் சிரிப்பது நம் காதில் விழாமல் இல்லை. சிரிக்கட்டும். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

2022-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி. ஒரிஸ்ஸாவில் புவனேஸ்வரம் நகரத்துக் கலிங்கா மைதானம். பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கோப்பைப் போட்டி முதன்முறையாக இந்தியாவில் நடக்கிறது. இந்தியாவின் முதல் ஆட்டம் அமெரிக்காவோடு. முடிவு என்ன? அமெரிக்கா 8, இந்தியா பூஜ்யம். 14-ந் தேதி மொராக்கோவிடம் 3 கோல். 17-ந் தேதி பிரேசிலிடம் 5 கோல். மூன்று ஆட்டத்தில் 16 கோல் வாங்கி, ஒரு கோல்கூடப் போடாமல் நம் பெண்கள் வெளியேறினார்கள்.

டீக்கடை பெஞ்சில் தீர்ப்பு எழுதுவதற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. "பொம்பளைப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்றார்கள். மில்லில் ரிங் பிரேமில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் மேஸ்திரி என்ன சொல்வான்? சைடரைத்தான் திட்டுவான். பஞ்சு மட்டமா, ஸ்பிண்டில் தேய்ந்ததா, காற்றில் ஈரப்பதம் இல்லையா என்று அவன் பார்ப்பதில்லை. எட்டுக் கோலைப் பார்த்துச் சிரித்தவர்களும் மேஸ்திரியின் கண்ணால்தான் பார்த்தார்கள். நாம் தொழிலாளியின் கண்ணால் பார்ப்போம்.

முதலில் அந்தப் பெண்கள் யார்? கோஷ்டியில் 21 பேர். அதில் ஏழு பேர் மணிப்பூர்க்காரர்கள், ஆறு பேர் ஜார்க்கண்ட்காரர்கள். தலைவி அஷ்டம் ஒராவோன், ஜார்க்கண்டில் கும்லா ஜில்லாவில் ஒரு குக்கிராமத்துப் பழங்குடிப் பெண். அவள் உலகக் கோப்பையில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கப் போகிறாள் என்றதும் அதிகாரிகளுக்கு அந்த ஊர் ஞாபகம் வந்தது. அவளுடைய வீட்டுக்குப் போகும் பாதையை ரோடாகப் போட உத்தரவு ஆயிற்று. நல்ல காரியம். அந்த ரோட்டில் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் யார்? அவளைப் பெற்ற தாயும் தகப்பனுமே! தினக்கூலி 250 ரூபாய்க்கு. மகள் கொடியேந்தி மைதானத்தில் இறங்க, அவள் பெயரால் போடும் ரோட்டில் பெற்றவர்கள் கூடை தூக்கினார்கள். இந்தச் செய்தி அப்போது பத்திரிகைகளில் வந்தது. அதை ஒரு வினோதச் செய்தியாகப் போட்டார்கள். நமக்கு அதில் வினோதம் ஒன்றும் தெரியவில்லை. நாற்று நடப் போகிறவளுக்கும் கல் உடைக்கப் போகிறவளுக்கும் அது தெரிந்த கதைதான்.

எதிரே நின்ற அமெரிக்கப் பெண்கள் எப்படி வந்தார்கள்? அமெரிக்காவை நாம் புகழ்வது அபூர்வம். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். 1972-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. சர்க்கார் பணம் வாங்கும் எந்தப் பள்ளிக்கூடமும் ஆண், பெண் என்று பேதம் காட்டக்கூடாது என்றது அந்தச் சட்டம். விளையாட்டுக்கும் அது பொருந்தியது. சட்டம் வருவதற்கு முன் அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டில் இறங்கிய பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. பிற்காலத்தில் அது 30 லட்சத்தையும் தாண்டிற்று. அது தானாக வந்ததல்ல, பெண்கள் போராடி வாங்கியது. ஆக, ஒரு பக்கம் ஐம்பது வருஷமாகத் தண்ணீர் பாய்ச்சிய நாற்றங்கால். இன்னொரு பக்கம்? நாற்றங்காலே போடாமல் நேரே மகசூல் கேட்கிறார்கள்.

பெண்கள் பந்தாடுவது நேற்று வந்த மோஸ்தர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் லங்காஷயர் என்ற பஞ்சாலைச் சீமை. அங்கே பிரஸ்டன் நகரத்தில் டிக், கெர் என்ற தொழிற்சாலை. முதல் உலக யுத்தத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போக, அங்கே வெடிகுண்டு செய்யும் வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் முற்றத்தில் பந்து உதைத்தார்கள். 1917 கிறிஸ்துமஸ் அன்று, காயம்பட்ட சிப்பாய்களுக்கு நிதி திரட்ட ஓர் ஆட்டம் ஆடினார்கள். பத்தாயிரம் ஜனங்கள் வந்தார்கள். 1920 டிசம்பர் 26-ந் தேதி லிவர்பூலில் இவர்கள் ஆடியபோது மைதானத்துக்குள் 53 ஆயிரம் பேர்! மறுவருஷம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைக் கதவடைப்பில் பட்டினி போட்டபோது, சுரங்கப் பகுதிகளில் பெண்கள் பந்தாடி அந்தக் குடும்பங்களுக்குப் பணம் திரட்டினார்கள்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 1921 டிசம்பர் 5-ந் தேதி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல. ஆகையால் சங்கத்தைச் சேர்ந்த எந்தக் கிளப்பும் தன் மைதானத்தைப் பெண்களுக்குக் கொடுக்கக்கூடாது. பெண்கள் ஆடக்கூடாது என்று சொல்லவில்லை, பாருங்கள். மைதானத்தைத்தான் பூட்டினார்கள். அது போதும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பூட்டு 1971-ல்தான் திறந்தது. ஐம்பது வருஷம்!

நம் நாட்டுக்கு வருவோம். 1975-ல் பெண்கள் கால்பந்துக்கென்று தனியாக ஒரு சம்மேளனம் ஏற்பட்டது. 1980 ஜனவரியில் கள்ளிக்கோட்டையில் நடந்த ஆசியப் பெண்கள் போட்டியில் இந்தியா இரண்டாவது இடம். 1983-ல் தாய்லாந்திலும் இரண்டாவது இடம். ஆசியாவிலேயே இரண்டாவது, தோழர்களே! அன்று அஸ்திவாரம் போட்டிருந்தால் இன்று கட்டிடம் நின்றிருக்கும். போடவில்லை. பெண்களுக்கென்று ஒரு தேசீய லீக் போட்டி 2016-17-ல்தான் வந்தது.

இளம் வயதினர் கதை அதைவிட மோசம். பையன்களுக்கு இந்த வயதில் உலகப் போட்டி 1985-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு 2008-ல். நம் பதினேழு வயதுக் கோஷ்டி 2005-ல் ஆசியப் போட்டியில் கலந்துகொண்டது. தகுதிச் சுற்று இல்லாத காலம் அது. அதற்கப்புறம் இருபது வருஷம் அந்தக் கதவு திறக்கவே இல்லை. இருபது வயதுக் கோஷ்டிக்கும் அதே கதி. 2006-க்குப் பிறகு ஆசியப் போட்டியில் இடமில்லை.

ஒரு பெண் பதினாறு வயதில் எத்தனை நாள் இருப்பாள்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 2020 நவம்பரில் இந்தியாவில் அந்த உலகக் கோப்பை நடக்க வேண்டியது. 2003-க்குப் பிறகு பிறந்த பெண்களைப் பொறுக்கி, ஸ்வீடன் தேசத்துத் தாமஸ் டென்னர்பி என்ற பயிற்சியாளரை வைத்துப் பழக்கினார்கள். கொரோனா வந்தது. முதலில் 2021-க்குத் தள்ளினார்கள். பிறகு ரத்து. போட்டி 2022-க்கு வந்தபோது விதி என்ன? 2005-க்குப் பிறகு பிறந்தவர்கள் மட்டும். அதாவது 2003-லும் 2004-லும் பிறந்த பெண்களுக்கு வயது கடந்துவிட்டது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் சொல்ல முடியாது. அவர்களுக்கு அடுத்த முறை கிடையாது.

2022-ல் வந்த புதுப் பெண்களையாவது நிம்மதியாக விட்டார்களா? தேர்தல் நடத்தாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சம்மேளன நிர்வாகத்தை அந்த மே மாதம் சுப்ரீம் கோர்ட் நீக்கி ஒரு கமிட்டியை நியமித்தது. அதை வெளியார் தலையீடு என்று சொல்லி, ஆகஸ்ட் 15-ந் தேதி சர்வதேச ஸ்தாபனம் இந்தியாவைத் தள்ளி வைத்தது. உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. 26-ந் தேதி தடை நீங்கியது. பெரிய மனிதர்களின் நாற்காலிச் சண்டையில், பதினொரு நாள், போட்டி உண்டா இல்லையா என்று அந்தப் பிள்ளைகள் தவித்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அதே வருஷம் ஐரோப்பாவுக்குப் பயிற்சிப் பயணம் போன இடத்தில் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் மீது பாலியல் முறைகேட்டுப் புகார் எழுந்தது. ஜூலையில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். இதைக் கேட்டதும் தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது தெரிகிறது. "இதற்குத்தானம்மா நாங்கள் அனுப்ப மாட்டோம் என்கிறோம்" என்று சொல்லப் போகிறீர்கள். உங்கள் பயத்தை நாம் லேசாக நினைக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். மில்லில் நம் பெண்களிடம் ஒருவன் வாலாட்டினால், பெண்களை வேலைக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டோமா? புகார்க் கமிட்டி போடு, அதில் பெண்களை வை, அவனை வெளியே அனுப்பு என்றுதானே கேட்டோம்? இங்கேயும் அதுதான் வழி. பயிற்சி நடக்கும் நேரமெல்லாம் இரண்டு தாய்மார்கள் மைதானத்தில் இருக்க வேண்டும். வெளியூர் போனால் கூடவே பெண் ஒருவர் போக வேண்டும். இதை நாம் கேட்டு வாங்க வேண்டும். பெண்ணைப் பூட்டி வைப்பது தீர்வல்ல. தப்புச் செய்தவன் வெளியே திரிவான், பிள்ளை உள்ளே இருப்பாள்.

சரி, தோற்றதையே சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? ஜெயித்ததைச் சொல்வோம்.

2024 பிப்ரவரி 8-ந் தேதி டாக்காவில் தெற்காசியப் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டம், இந்தியாவும் வங்கதேசமும். எட்டாவது நிமிஷத்தில் நம் சிபானி தேவி கோல் போட்டாள். கடைசி நேரத்தில் வங்கதேசம் திருப்பிப் போட்டது. ஆளுக்கு ஐந்து பெனால்டி உதை, சமம். மேலும் உதைத்தார்கள், சமம். கோல்கீப்பர் உட்படப் பதினொரு பேரும் உதைத்தார்கள். 22 உதை, 22 கோல்! ஒருத்தியும் தவறவிடவில்லை. அதற்குமேல் அதிகாரிகளுக்குப் பொறுமை இல்லை போலிருக்கிறது. காசைச் சுண்டிப் போட்டு இந்தியா ஜெயித்தது என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை நேரம் உயிரைக் கொடுத்து ஆடியதைக் காசு தீர்மானிப்பதா? வங்கதேசத்துப் பெண்கள் ஒப்புக்கொள்ள மறுத்தார்கள். அரங்கத்தில் கொந்தளிப்பு. வெகுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு இரண்டு கோஷ்டிக்கும் கோப்பை என்று முடிவாயிற்று. நம் அபிப்பிராயத்தில், வங்கதேசத்துப் பெண்கள் மறுத்தது நியாயம்.

2025 ஆகஸ்டில் இருபது வயதுக் கோஷ்டி பர்மாவுக்குப் போயிற்று. இந்தோனேஷியாவோடு கோலில்லாமல் சமம், துருக்மேனிஸ்தானை 7-0. கடைசியில் ரங்கூனிலேயே, அந்த ஊர் ஜனங்கள் முன்னாலேயே, பர்மாவை 1-0. பூஜா என்ற பெண் போட்ட ஒரே கோல். இருபது வருஷப் பூட்டு உடைந்தது. அக்டோபரில் பதினேழு வயதுக் கோஷ்டி கிர்கிஸ்தானில் ஆடியது. 17-ந் தேதி உஸ்பெகிஸ்தானோடு ஆட்டம். நாம் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். முதல் பாதியிலேயே மாற்று ஆளாக இறக்கிய தண்டமோனி பாஸ்கி 55-வது நிமிஷத்தில் ஒன்று போட்டாள். 66-வது நிமிஷத்தில் அனுஷ்கா குமாரி இன்னொன்று. 2-1. 2026-ம் வருஷத்து ஆசியப் போட்டிக்கு இந்தியா தகுதி பெற்றது. 2022-ல் போட்டி நடத்தும் நாடு என்பதால் கிடைத்த இடம். 2025-ல் காலால் சம்பாதித்த இடம். எட்டுக் கோலுக்கும் இதற்கும் நடுவே மூன்றே வருஷம்தான், தோழர்களே! பெண்களின் ரத்தம் மாறிவிடவில்லை. அவர்களுக்கு ஆட்டங்கள் கிடைத்தன.

இனி நம் ஊர். மதுரைக்குப் பெண்கள் கால்பந்து புதிதா? மதுரையைச் சேர்ந்த சேது கிளப் 2019 மே 22-ந் தேதி லூதியானாவில் மணிப்பூர்ப் போலீஸ் கோஷ்டியை 3-1 என்று ஜெயித்து இந்தியப் பெண்கள் லீக் கோப்பையைக் கொண்டுவந்தது. கடலூர் இந்துமதி கதிரேசன் அதற்குத் தலைவி. தமிழ்நாட்டுப் பெரிய பெண்கள் கோஷ்டி 2018-லும் 2023-லும் தேசீயப் பட்டம் வாங்கியது. இத்தனை இருந்தும், 2022 உலகக் கோப்பைக்குப் போன அந்த 21 இளம் பெண்களில் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்திகூட இல்லை.

ஏன்? ஒரு காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை பையன்களோடு கண்மாய்க்கரையில் ஓடுகிறாள். வயதுக்கு வந்த மறுநாள் பந்து பரணுக்குப் போகிறது. தண்ணீர்க்குடம் இடுப்புக்கு வருகிறது. தம்பிக்கு முட்டை, அவளுக்குக் குழம்பு. இதை எந்தச் சம்மேளனமும் செய்யவில்லை, நாம்தான் செய்கிறோம். மைதானத்தின் பூட்டுச் சாவி ஒன்று அங்கே இருந்தால், இன்னொரு சாவி நம் அடுப்படியில் இருக்கிறது.

ஆகவே காரியத்துக்கு வருவோம். ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டு வரை மைதானம் பெண் பிள்ளைகளுக்கு. அந்த நேரத்தில் கிரிக்கெட் ஆடும் தம்பிகள் கோபிக்க வேண்டாம். எட்டு மணிக்கு வாருங்கள். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு முட்டையும் சுண்டலும் கொடுக்க வசூல் தொடங்குகிறோம். பூட்ஸ் இல்லாதவள் வெறுங்காலோடு வரலாம், முள் பொறுக்கும் வேலையைப் பெரியவர்கள் சனிக்கிழமையே முடித்துவிட வேண்டும்.

முக்கியமான ஒன்று. இது வயதுக் கணக்கு ஆட்டம். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாமல் எவளும் மேலே போக முடியாது. வெளிநாடு போக பாஸ்போர்ட்டுக்கும் அது வேண்டும். சான்றிதழ் வாங்காத வீடுகளும், வாங்கியும் அதில் பிள்ளையின் பெயரைச் சேர்க்காத வீடுகளும் இங்கே உண்டு என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் போய்விட வேண்டாம். மேடைக்கு இடது பக்கம் மேஜை போட்டிருக்கிறது, தோழர்கள் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஆஸ்பத்திரி, மூன்றையும் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.